உப்பளத்துக்குப் பட்டுப்புடவையில் வந்தவர்கள்

புகைப்பட ஆசிரியர்களாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். மாணவர்களை இன்னொரு புகைப்படக்காரரின் பாணியில் படம் எடுக்கச் சொல்லலாமா? அது காப்பியடிக்கக் கற்றுக்கொடுப்பது ஆகாதா?

தாராளமாகச் சொல்லலாம். ஓய்வு பெறும் வருடம் வரை நான் அதைச் செய்தேன். அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. கல்லூரிப் பையன் ஒருவனிடம் "உன் சொந்தப் பார்வையில் எடு" என்று சொல்லிப் பாருங்கள், சூரியன் மறைவதை எடுத்துக்கொண்டு வருவான். "இந்த ஆள் எடுத்த மாதிரி ஒரு முகத்தை எடுத்துக் காட்டு" என்று சொன்னால், அந்த ஆள் எங்கே நின்றார், எவ்வளவு நேரம் காத்திருந்தார், படத்தில் இருப்பவர் ஏன் அவரை அப்படிப் பார்க்கிறார் என்றெல்லாம் யோசிக்க ஆரம்பிப்பான். யோசிக்க வைப்பதுதானே நம் வேலை?

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. வகுப்பில் உட்கார்ந்து போட்ட திட்டம் வெளியே போனதும் உடைந்துவிடும். உடைகிற நேரத்தில் மாணவன் நம் முகத்தைப் பார்ப்பான். அப்போது என்ன செய்வது என்று எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதியிருக்காது. மரக்காணத்தில் நடந்ததை உங்களுக்குச் சொல்ல உட்கார்ந்தது அதற்காகத்தான்.

2006ஆம் வருடம். நான் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் இருந்தேன். டிஜிட்டல் கேமரா வந்துவிட்டிருந்தாலும் எங்கள் துறைக்கு இன்னும் கட்டுப்படியாகவில்லை. கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான். இறுதியாண்டு மாணவர்கள் ஆளுக்கு ஒரு போர்ட்ரெய்ட் புராஜெக்ட் செய்ய வேண்டும். தனக்குப் பிடித்த ஒரு புகைப்படக்காரரைத் தேர்ந்தெடுத்து, அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளப் போகிறோம், யாரைப் படம் எடுக்கப் போகிறோம் என்று எழுதி என்னிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். கடைசியில் வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து மதிப்பெண் போடுவார்.

அந்த வகுப்பில் இளங்கோ என்று ஒருவன் இருந்தான். டவுன் பையன். வெளிச்சத்தை அவ்வளவு நன்றாகப் புரிந்துகொள்ளும் மாணவனை அதற்கு முன்பும் பின்பும் நான் அதிகம் பார்த்ததில்லை. கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. திறமை இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த வயதில் அது இருப்பதில் தப்பில்லை என்று நினைப்பவள் நான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் சுரங்கத் தொழிலாளர்களை எடுத்த படங்களை நூலகத்தில் பார்த்துவிட்டு அதிலேயே மூழ்கிக் கிடந்தான். உடம்பெல்லாம் சேறு, வேர்வை. கண்கள் மட்டும் வெள்ளையாகத் தெரியும்.

"நம்மகிட்ட சுரங்கம் இல்ல மேடம். உப்பளம் இருக்குது. மரக்காணம் போனா இதே மாதிரி எடுத்துடலாம்" என்றான்.

"இந்தச் சுரங்க ஆளுங்க இந்தப் படங்களைப் பார்த்திருப்பாங்களா இளங்கோ?"

"தெரியல மேடம்" என்றான். அந்தக் கேள்வி அவனைத் தொடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. திட்டம் நன்றாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

திண்டிவனம் பக்கத்துக் கிராமமான பிரம்மதேசத்திலிருந்து தேன்மொழி என்று ஒரு மாணவி வந்துகொண்டிருந்தாள். விவசாயக் குடும்பம். அவள் தேர்ந்தெடுத்தது ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவரை. அந்த ஊர்க்காரர்கள் தங்களிடம் இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு அவரிடம் வந்து நிற்பார்கள். ஒருவர் மடியில் ரேடியோ இருக்கும். ஒருவர் ஸ்கூட்டரில் சாய்ந்திருப்பார்.

இளங்கோ சிரித்தான். "இதுக்கு எதுக்குத் தேனு ஆப்பிரிக்கா? திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு எதிர்ல இருக்கிற ஸ்டூடியோவுக்குப் போனா போதாதா?"

அவளுக்கு அது சுருக்கென்று பட்டது. ஆனால் உப்பளத்தில் யாரையும் அவனுக்குத் தெரியாது என்பதால், அவள்தான் உதவி செய்தாள். அவளுடைய தாய்மாமன் மரக்காணத்தில் ஓர் உப்பளத்தில் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை போய் மாமனிடம் அனுமதி வாங்கி, அங்கே வேலை செய்யும் பெண்களிடமும் பேசிவிட்டு வந்தாள். காலையில் வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் தருவதாக அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

விடிந்ததும் நாங்கள் மூவரும் பஸ்ஸை விட்டு இறங்கினோம். இளங்கோ பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் என்னிடம் விளக்கி முடித்திருந்தான். தலையில் துண்டு, புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, கூடையிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர், சாய்வான வெயிலில் முகத்தின் ஒரு பாதி மட்டும். நான் கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

உப்பளக் கரையில் எட்டுப் பத்துப் பெண்கள் எங்களுக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தார்கள். பட்டு இல்லாதவர்கள் சரிகை போட்ட பளபளப்பான புடவை. தலையில் கனகாம்பரம். முகத்தில் பவுடர். ஒருத்தி கைப்பை கொண்டுவந்திருந்தாள். பின்னால் வெட்டவெளியாக உப்புப் பாத்திகள், வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். கல்யாணத்துக்குப் புறப்பட்டவர்கள் வழி தவறி வந்துவிட்டது போல இருந்தது.

இளங்கோ நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். பிறகு தேன்மொழியின் பக்கம் திரும்பினான்.

"இன்னா தேனு இது? நீ சொன்னியா இப்பிடி வரச் சொல்லி?"

"நான் ஒண்ணும் சொல்லல. ஃபோட்டோ எடுக்க வர்றோம்னுதான் சொன்னேன்."

"என் புராஜெக்ட்டை உன் புராஜெக்ட் ஆக்கிட்ட."

தேன்மொழியின் முகம் சுருங்கிப் போயிற்று. நான் இருவருக்கும் நடுவில் போவதற்குள் அவன் அந்தப் பெண்களிடம் போய்விட்டான். முன்னால் நின்றவளிடம் மரியாதையாகத்தான் பேசினான். அவள் பெயர் அஞ்சலை. கடலோரக் குடியிருப்பு ஒன்றிலிருந்து வேலைக்கு வருபவள். நாற்பது வயது இருக்கலாம். நீலப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

"அக்கா, டெய்லி வேலைக்குக் கட்டுவீங்க இல்ல, அந்தப் பொடவை, சட்டை எல்லாம் போட்டுக்கிட்டு வர முடியுமா?"

"இன்னாத்துக்குப்பா?"

"அதுதான் நல்லா இருக்கும்."

"யாருக்கு?"

அஞ்சலை விடவில்லை. "சுனாமி வந்தப்போ எங்கெங்கிருந்தோ வந்தானுங்க. நான் அழுவுறதை எடுத்தான். தலைவிரிகோலமா நிக்கிறதை எடுத்தான். ஒருத்தனாவது திரும்பி வந்து இந்தாம்மா உன் ஃபோட்டோன்னு குடுத்தானா? இருந்த கல்யாண ஃபோட்டோவும் தண்ணியில போயிடுச்சி. இப்ப வோட்டர் கார்டுல இருக்கிற மூஞ்சிதான் என் மூஞ்சி. அதுல நான் செத்தவ மாதிரி இருக்கேன். இந்தப் பொண்ணு வந்து, எடுத்து ஆளுக்கு ஒரு காப்பி குடுப்போம்னு சொல்லிச்சி. அதான் நல்லதா கட்டிக்கிட்டு வந்தோம். உனுக்கு வாணாம்னா சொல்லிடு, போயி வேலையைப் பார்க்கிறோம்."

கைப்பை கொண்டுவந்தவள் அதை இடுப்புக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்க கவலைப்படாதீங்க டீச்சர். நான் ஒரு வார்த்தை சொன்னா போதும், மாத்திக்கிட்டு வந்துடுவாங்க. வேலை குடுக்கிறது நான்தானே" என்றார். நல்ல மனுஷர். உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

இளங்கோவும் வந்தான். அவனிடம் வேறொரு யோசனை இருந்தது. "இன்னிக்கு விட்டுடலாம் மேடம். அடுத்த வாரம் சொல்லாம வந்து, வேலை செய்யும்போது தூரத்திலிருந்து எடுத்துக்கிறேன். லென்ஸ் இருக்குது."

இரண்டு வழியிலும் அவன் நினைத்த படம் கிடைத்திருக்கும். ஒப்புதல் வாங்கிய திட்டம் எழுத்து மாறாமல் நிறைவேறியிருக்கும். அவனுடைய மதிப்பெண்ணும் பத்திரமாக இருந்திருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவனிடம் அதிகப்படியாக ஃபிலிம் இல்லை, தேர்வுக்கும் அதிக நாள் இல்லை. அந்தக் காலையை விட்டால் இன்னொரு இடம், இன்னொரு அனுமதி என்று புதிதாக ஆரம்பிக்க வேண்டும். வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது.

மேஸ்திரியிடம் "வேணாங்க, நீங்க எதுவும் சொல்லாதீங்க" என்றேன்.

இளங்கோவிடம், "நீ தேர்ந்தெடுத்த ஆள் எடுத்த படத்துல அந்தத் தொழிலாளிங்க எங்க பார்க்கிறாங்க?" என்று கேட்டேன்.

"கேமராவைத்தான்."

"அப்போ அவர் தூரத்துல ஒளிஞ்சிருந்து எடுக்கல. அவங்க அவரை நிக்க விட்டிருக்காங்க. அவரை மாதிரி எடுப்பேன்னு நீ எழுதிக் குடுத்த திட்டத்துலதான் நான் கையெழுத்துப் போட்டேன்."

இதற்கு மேல் வாயால் சொல்லிப் பயனில்லை என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண்களும் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். கேமராவை அவன் கையிலிருந்து வாங்கி அஞ்சலையிடம் நீட்டினேன்.

"இந்தாங்க, இதுக்குள்ள பாருங்க. இளங்கோ, நீ அந்தக் கரையில போய் நில்லு. அவங்களுக்கு எப்பிடித் தெரியுதுன்னு பார்க்கட்டும்."

அவன் வேண்டாவெறுப்பாகப் போய் நின்றான். பஸ்ஸில் வந்த அலுப்பு, கலைந்த தலை, கசங்கிய சட்டை. அஞ்சலை ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேமராவைத் தூக்கினாள். அது தன் பக்கம் திரும்பியதும் இளங்கோ பின்பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரினான். சட்டைக் காலரைச் சரிசெய்தான். யாரும் சொல்லவில்லை, அவனும் யோசிக்கவில்லை. கை தானாகப் போயிற்று.

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள்.

"ஏம்பா, உனுக்கு மட்டும் சீப்பு! எங்களுக்குக் கந்தலா?" என்று அஞ்சலை கத்தினாள். அந்தச் சிரிப்பில் கோபம் கரைந்துவிட்டிருந்தது. கைப்பைக்காரி கைப்பையை மறுபடியும் முன்னால் கொண்டுவந்தாள்.

இளங்கோவுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த நிமிடமே அவன் திருந்திவிட்டான் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. அவன் விறுவிறுவென்று கரையோடு நடந்து போய், ரோட்டோரம் இருந்த மதகின் மேல் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

தேன்மொழி என்னைப் பார்த்தாள். "நான் போய்க் கூட்டிட்டு வரட்டுமா மேடம்?"

"வேணாம். நீ உன் கேமராவை எடு. இவங்களைக் காக்க வைக்கக்கூடாது."

மாணவன் கோபித்துக்கொண்டு போகும்போது பின்னால் ஓட வேண்டும் என்று நமக்குத் தோன்றும். ஓடாதீர்கள். நாம் பின்னால் போய்ச் சமாதானம் செய்தால், திரும்பி வருவது நமக்காக என்று ஆகிவிடும். அவன் படத்துக்காகத் திரும்பி வர வேண்டும். வருவான் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. இத்தனை வெளிச்சத்தை வைத்துக்கொண்டு அவனால் அதிக நேரம் முதுகைக் காட்டி உட்கார முடியாது.

தேன்மொழி ஒவ்வொருவராக நிற்க வைத்து எடுத்தாள். அவளுக்கு ஏற்ற இடம்தான் அது, அவளுடைய ஆப்பிரிக்க ஸ்டூடியோ திறந்தவெளிக்கு வந்தது போல. ஆனாலும் ஏதோ குறைந்தது. பெண்கள் அடையாள அட்டைக்கு நிற்பது போல விறைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் பயத்தில் மிக நெருங்கிப் போய் மார்பளவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அஞ்சலை நின்றபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"தேனு, பின்னாடி வா. இன்னும் பின்னாடி. கால் வரைக்கும் எடு."

இளங்கோ எப்போது வந்தான் என்று நான் கவனிக்கவில்லை. அவன் அஞ்சலையின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் யாருமே அதுவரை அங்கே பார்க்கவில்லை. நீலப் பட்டின் கரைக்குக் கீழே வெறுங்கால்கள். வருஷக்கணக்கில் உப்புத் தண்ணீரில் நின்று வெளிறி, குதிகாலைச் சுற்றி வெடித்து, விரலிடுக்கில் உப்பு பூத்திருந்த கால்கள். எந்தப் பவுடரும் அதை மறைத்திருக்காது. உடுப்பு ஒரு கதை சொன்னது, பாதம் ஒரு கதை சொன்னது. இரண்டும் ஒரே பெண்.

அவன் அவளிடம் போனான். "அக்கா, நான் எடுக்கட்டுமா? எப்பிடி நிக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

"கூடை கீடை எதுவும் வராம எடுக்கணும்."

"வராது."

"கையை இன்னா செய்யட்டும்?"

"வீட்டுக்குச் சொந்தக்காரங்க வந்தா எப்பிடி நிப்பீங்க?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். முந்தானையை இழுத்து இடது கையில் பிடித்துக்கொண்டு, தாடையைத் தூக்கி, அவனை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இன்னும் கொஞ்சம் கேலி பாக்கியிருந்தது. அவன் எடுத்தான். பிறகு எல்லாப் பெண்களையும் அதே இடத்தில், தலையிலிருந்து பாதம் வரை, அவரவர் சொன்னபடி நிற்க வைத்து எடுத்தான். மேஸ்திரி வெயிலைப் பார்த்தார், ஆனால் வேலை ஆரம்பிக்கச் சொல்லி விசில் அடிக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் தேன்மொழியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சாரி தேனு" என்றான். "பரவால்ல" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பரவாயில்லை என்று ஆவதற்கு அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது.

தேர்வு நாள் வந்தது. சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். இளங்கோவின் படங்களை வரிசையாகப் பார்த்தார். ஒப்புதல் வாங்கிய தாளையும் பார்த்தார்.

"சுரங்கத் தொழிலாளர் படங்களைப் பின்பற்றுவதாக எழுதியிருக்கீங்க. இது கடைத்தெரு ஸ்டூடியோ படம் மாதிரி இருக்கு. உழைப்பு எங்கே? கஷ்டம் எங்கே?" பிறகு என் பக்கம் திரும்பினார். "திட்டம் ஒன்று, படம் வேறொன்று. இதை நீங்கள் அனுமதித்தீர்களா?"

"அனுமதித்தேன்" என்றேன். அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன்.

நாக்கு நுனியில் ஒரு முழுச் சொற்பொழிவே இருந்தது. நான் பேசியிருந்தால் அவர் ஒருவேளை சமாதானம் ஆகியிருப்பார். ஆனால் படம் என்னுடையதாகியிருக்கும். மேசைக்கடியில் என் இரண்டு கைகளையும் கோத்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாய்மொழித் தேர்வில் உங்கள் மாணவன் திணறும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பேசாமல் இருப்பதும் நாம் செய்யும் வேலைதான்.

இளங்கோ அஞ்சலையின் படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தான்.

"சார், நான் அந்தப் படங்கள்ல சேற்றைப் பார்த்தேன், அதைத்தான் எடுக்கப் போனேன். அங்க போன பிறகுதான் தெரிஞ்சது, அந்த ஆளுங்க கேமராவைப் பார்க்கிற பார்வைதான் அந்தப் படம்னு. இவங்க எதைக் காட்டணும்னு வந்தாங்களோ அதை எடுத்திருக்கேன். நீங்க கேட்ட கஷ்டம் கீழே இருக்குது சார். அதை அவங்க காட்டல, மறைக்கவும் இல்ல."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். படத்தின் அடிப்பகுதியை வெகுநேரம் பார்த்தார். "இந்தக் கால்கள்தான் படமே" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். அந்த வருடம் போர்ட்ரெய்ட் புராஜெக்ட்டில் முதல் இடம் இளங்கோவுக்கு. இரண்டாவது தேன்மொழிக்கு. அவள் தன் ஊர்க்காரர்களை எடுத்த படங்களும் பிரமாதமாக வந்திருந்தன. இனி யாரும் ஆப்பிரிக்கா எதற்கு என்று அவளைக் கேட்க முடியாது.

இதோடு முடித்திருந்தால் இது ஒரு வெற்றிக் கதை. ஆனால் வாக்குக் கொடுத்த காப்பிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதைத் தபாலில் அனுப்ப நான் ஒருபோதும் சம்மதித்ததில்லை. எடுத்தவனே நேரில் போக வேண்டும்.

இளங்கோ இருட்டறையில் தன் கையால் ஒவ்வொன்றையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டிருந்தான். அஞ்சலையின் படத்துக்கு மட்டும் பலமுறை திரும்பத் திரும்பப் போட்டு, அந்தப் பாதங்களின் வெடிப்பு ஒவ்வொன்றும் தெரியும்படி கொண்டுவந்திருந்தான். நாங்கள் மூவரும் அவள் வீட்டுக்குப் போனோம். புதிதாகச் சுவர் எழுப்பி, மேலே சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. எங்களை உட்கார வைத்து, பக்கத்து வீட்டிலிருந்து டம்ளர் வாங்கி வந்து டீ கொடுத்தாள்.

படத்தை வாங்கிப் பார்த்தாள். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது, வெட்கமும் தெரிந்தது. "நான் இப்பிடியா இருக்கேன்?" என்றாள். விரலை முகத்தில் படாமல் காற்றில் வைத்துப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை கீழே இறங்கியது.

"காலை ஏம்பா எடுத்தே?"

அவன் என்னைப் பார்த்தான். நான் டீயைப் பார்த்தேன்.

அவள் சுவரிலிருந்து ஒரு ஃபிரேமைக் கழற்றினாள். பழைய சாமிப் படத்தை ஏற்கெனவே எடுத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தாள். இளங்கோவின் பிரிண்ட்டை அதில் வைத்துப் பார்த்தாள். நீளம் அதிகமாக இருந்தது. மேலே தலைக்கு மேல் வெறும் வானம்தான், அங்கே கொஞ்சம் குறைத்தாலும் போதும். அவள் அங்கே கை வைக்கவில்லை. படத்தைத் தரையில் போட்டு, கீழ்ப்பக்கத்தை முழங்கால் வரை மடித்துப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு, பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

தேன்மொழி மூச்சை இழுத்தது கேட்டது. எனக்கும் சொல்ல வேண்டும் போல இருந்தது. இது முதல் இடம் வாங்கிய படம் அம்மா, வேண்டுமானால் பெரிய ஃபிரேம் போட்டுத் தருகிறோம் என்று. சொல்லவில்லை. இளங்கோவின் கை தடுக்கப் போவது போல முன்னால் நீண்டது. பாதி வழியில் நின்றது. அவள் படத்தைக் கோணலாகப் பிடித்துக்கொண்டு வெட்ட ஆரம்பித்திருந்தாள்.

"இருங்க அக்கா, அப்பிடி வெட்டினா கோணிக்கும்" என்றான். "குடுங்க, நான் நேரா வெட்டித் தர்றேன்."

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவள் மடித்த இடத்தில் நகத்தால் கோடு போட்டுக்கொண்டான். பரீட்சைக்குப் பிரிண்ட் வெட்டிய அதே கவனத்தோடு, ஓரம் பிசிறில்லாமல் வெட்டினான். ஃபிரேமுக்குள் வைத்து, பின்னால் அட்டையை அழுத்தி, ஆணிகளை மடக்கி, கண்ணாடியில் பட்ட கைரேகையைச் சட்டை நுனியால் துடைத்து அவளிடம் கொடுத்தான். அவள் வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றாள்.

"கொஞ்சம் எடப்பக்கம் தூக்குங்க அக்கா" என்றான் இளங்கோ. அவள் தூக்கினாள். "போதும்."